மகிழ மரம் வைப்பவர்கள் செய்யக்கூடாதவை

மகிழ மரம் வைப்பவர்களை முதலில் கெடுப்பது அவசரம். சப்போட்டாவும் இலுப்பையும் சேர்ந்த குடும்பத்து மரம் இது, நிதானமாகத்தான் வளரும். இரண்டு வருடத்தில் பூக்கவில்லையே என்று யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். பசுமை மாறா மரமாயிற்றே, இலை உதிர்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். பழைய இலைகள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டேதான் இருக்கும். மரம் மட்டும் மொட்டையாகாது.

அடுத்தது இடம். கன்று சிறியதாக இருக்கிறதே என்று மதிலை ஒட்டியோ மின்கம்பிக்கு நேர் கீழேயோ வைத்துவிடுகிறோம். 15 மீட்டர் உயரம் போகக்கூடிய மரம். கம்பியைத் தொட்டதும் தலையை வெட்டுவார்கள். அடர்ந்து உருண்டு நிற்கும் அதன் அழகே போய்விடும். திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் இதுதான். கோயில்களில் கிடைப்பதுபோல அதற்கு வீட்டிலும் தாராளமாக இடம் விட வேண்டும். அடிவரை சிமென்ட் பூசுவதும் வேண்டாம், வேருக்குத் தண்ணீர் இறங்காது.

விதை போடுவதாக இருந்தால் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததை எடுக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் கனிந்து விழும் பழத்தின் சதையைக் கழுவிவிட்டு, உள்ளே பளபளக்கும் கொட்டையை உடனே மண்ணில் போடுங்கள். பழத்தைத் தின்னலாம், இனிப்போடு துவர்ப்பும் இருக்கும்.

பூவுக்காகக் கிளையை உலுக்குவதைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை. இரவில் மலர்ந்த பூ விடியும்போது தானாகவே உதிர்ந்து கிடக்கும். உலுக்கினால் நாளைய மொட்டும் சேர்ந்து விழும். சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கி ஒரு துணியை விரித்துவிட்டால் போதும். விழுந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் நட்சத்திரம், நடுவில் சின்ன ஓட்டை. ஊசியே வேண்டாம், நாரை அந்த ஓட்டையில் விட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். வகுளம் என்றாலும் மகிழம்தான்; ஆழ்வார்களில் ஒருவரான நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயர் இந்த மாலையால் வந்ததுதான். வாடிய பூவைத் தூக்கி எறிவதும் தவறு. நிழலில் உலர்த்தித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். காய்ந்த பிறகும் மணக்கிற பூ இது.

கடைசியாக, பட்டை. பல்பொடிக்காக அடிமரத்தைச் சுற்றிச் செதுக்கிவிடுகிறார்கள். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. முழு வட்டமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரமே செத்துவிடும். பட்டை தேவையென்றால் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.