ஆண்டு விழா ஹஃப்லா நடத்துவது எப்படி? பெல்லி டான்ஸ் ஸ்டூடியோக்களுக்கான குறிப்புகள்

அமெரிக்க ஊர்களில் உள்ள சிறிய பெல்லி டான்ஸ் ஸ்டூடியோக்கள் ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று வந்தால் ஹஃப்லா வைப்பது வழக்கம். சாப்பாடு, மாணவிகளின் ஆட்டம், கடைசியில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஆடுவது என்று மூன்றும் சேர்ந்த விருந்துதான் ஹஃப்லா. முப்பது மாணவிகள், நூற்றைம்பது பார்வையாளர்கள், ஒரு வாடகை ஹால் என்ற அளவுக்கு ஏற்ற குறிப்புகள் இவை. விழா சொதப்பினால் அதற்கு ஆட்டம் காரணமாக இருப்பது அபூர்வம். நிகழ்ச்சி வரிசை, ஒலி, தரை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் கோளாறு இருக்கும். உடைக்கும் மேக்கப்புக்கும் செலவாகும் நேரத்தில் பாதியை இந்த மூன்றுக்கும் கொடுங்கள்.

ஹால் பார்க்கப் போகும்போது

நான்கு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். பார்க்கப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை முழுக்க ஒருமுறை நடக்க வேண்டும். மரத்தரையில் சிலாம்பு இருக்கிறதா, பலகை இடுக்கு பாதத்தைக் கடிக்கிறதா என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும். கான்கிரீட் மேல் நேரடியாக டைல் ஒட்டிய தரையில் அரைமணி நேரம் ஷிம்மி (இடுப்பை வேகமாகக் குலுக்குவது) ஆடினால் மறுநாள் குதிகால் வலிக்கும். கார்ப்பெட் அதைவிட மோசம். சுழலும்போது பாதம் தரையில் பிடித்துக்கொள்ள, முழங்கால் மட்டும் திரும்பும். இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் டைலையே எடுங்கள்.

இட அளவை வெய்ல் (கையில் பிடித்துச் சுழற்றும் மெல்லிய துணி) ஆட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வெய்ல் துணி 3 கஜ நீளம், 45 அங்குல அகலம். அதைச் சுழற்ற ஒருவருக்கு இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். ஆறு பேர் முன்னால் மூவர், பின்னால் மூவர் என்று முன்வரிசையின் இடைவெளியில் நின்றால் 9 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் தேவை. மேடை அதைவிடச் சின்னது என்றால் நான்கு பேரோடு நிறுத்துங்கள். ஆறு பேரை நெருக்கி நிறுத்தினால் ஒருத்தியின் துணி இன்னொருத்தியின் பெல்ட் மணியில் மாட்டும். ஏசி காற்று எங்கே இறங்குகிறது என்றும் நின்று பாருங்கள். 5 மோமி (பட்டின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள மெல்லிய பட்டு அந்தக் காற்றுக்கே முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். வியர்த்த முகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹால் நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்களா, எவ்வளவு தொகைக்கு? பல ஹால்கள் ஒரு சம்பவத்துக்கு பத்து லட்சம் டாலர் என்று கேட்கும். ஒருநாள் பாலிசி தனியாக வாங்கலாம். பொது இடத்தில் பாட்டு போட ஆஸ்காப், பிஎம்ஐ என்ற இசை உரிமை அமைப்புகளின் உரிமம் ஹாலிடம் இருக்கிறதா? மெழுகுவர்த்தித் தட்டு, ஷமதான் (தலையில் மெழுகுவர்த்திக் கொத்து வைத்து ஆடுவது) ஆட்டம் இருந்தால் நிஜத் தீக்கு அனுமதி உண்டா? பெரும்பாலும் இருக்காது, எல்ஈடி மெழுகுவர்த்தியே வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளி அரங்கம் என்றால் வாள் ஆட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்; முனை மழுங்கிய மேடை வாளாக இருந்தாலும் பள்ளி வளாகத்தில் ஆயுதம் ஆயுதம்தான்.

எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதற்கு அமெரிக்கக் கட்டட விதியில் கணக்கு இருக்கிறது: வெறும் நாற்காலி போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி, மேசையும் நாற்காலியும் போட்டால் 15 சதுர அடி. பார்வையாளர் பகுதி 2,100 சதுர அடி என்றால் நாற்காலி மட்டும் போட்டு 300 பேர், மேசையோடு 140 பேர். ஹஃப்லாவுக்கு மேசை வேண்டும் என்பதால் இரண்டாவது எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பலகை அதைவிடக் குறைவாகச் சொன்னால் பலகை சொல்வதுதான் முடிவு.

வரிசை போடுவது

முதல் பாதி 45 நிமிடம், இடைவேளை 20, இரண்டாம் பாதி 45, அதன் பிறகு பொது ஆட்டம் அரைமணி. இதற்கு மேல் இழுத்தால் குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், கடைசியில் வரும் மூத்த மாணவிகள் காலி நாற்காலிகளுக்கு ஆடுவார்கள். ஓர் ஆட்டம் சராசரி நான்கு நிமிடம், ஏறி இறங்கவும் அறிவிக்கவும் ஒரு நிமிடம். 90 நிமிடத்துக்கு 18 இடம் வரும். அதில் 16 மட்டும் நிரப்புங்கள். மீதிப் பத்து நிமிடத்தை ஏதாவது ஒரு தாமதம் எடுத்துக்கொள்ளும்.

சோலோ யாருக்கு என்பதில்தான் மனஸ்தாபம் வரும். மூன்று மாதம் முன்பே விதியை எழுதி ஒட்டிவிடுங்கள்: மாணவிக்கு மூன்றரை நிமிடம், ஆசிரியைக்கும் விருந்தினருக்கும் ஐந்து நிமிடம், மொத்தம் ஐந்து சோலோவுக்கு மேல் கிடையாது. ஆசிரியைக்கு ஒரு சோலோ போதும். அவர் ஆட்டத்தை வாரம் முழுக்கப் பார்க்கிறார்கள். அன்றைக்குப் பார்க்க வந்தது மாணவிகளை.

புதிய மாணவிகளை முதல் இடத்தில் போடாதீர்கள். ஏழு மணி என்று அச்சடித்தால் ஏழேகாலுக்குத்தான் கூட்டம் உட்கார்ந்து முடியும். முதலில் மூத்த குழு ஜில் (விரலில் மாட்டும் சிறு தாளம்) அடித்துக்கொண்டு பார்வையாளர் நடுவே நடந்து வரட்டும். இதற்கு மல்ஃபூஃப் தாளம் பொருந்தும்: தும் . . தக் . . தக் . (தும் மேளத்தின் கனத்த அடி, தக் கூர்மையான அடி, புள்ளி மௌனம்) என்று மூன்று, மூன்று, இரண்டாக விழுவதால் நடைக்கு இயல்பாக ஒத்துவரும். இரண்டாவது, மூன்றாவது இடங்கள் புதியவர்களுக்கு. அவர்கள் சீக்கிரம் ஆடி முடித்தால் மீதி நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டு, மற்றவர்களுக்கு நன்றாகக் கை தட்டுவார்கள். முதல் வகுப்பு மாணவிகளுக்கு மக்சூம் தாளப் பாட்டே கொடுங்கள்: தும் தக் . தக் தும் . தக் . என எட்டு எண்ணிக்கை. சயீதி அதே எட்டுதான், ஆனால் தும் தக் . தும் தும் . தக் . என்று நடுவில் இரண்டு தும் சேர்ந்து வரும். புதியவர்கள் அந்த இடத்தில் இடுப்பை ஒருமுறை தவறவிட்டால் பாட்டு முடியும்வரை பிடிக்க மாட்டார்கள்.

வரிசையை விரிதாளில் போட்டு, ஆடுபவர் பெயர்களை நெடுக்காகவும் ஆட்ட எண்ணைக் குறுக்காகவும் எழுதுங்கள். முழு உடை மாற்றுபவருக்கு நடுவே குறைந்தது மூன்று ஆட்டம் இடைவெளி. வேறு பாவாடை மட்டும் என்றால் இரண்டு போதும். வேகமான இரண்டு, மெதுவான ஒன்று என்று மாற்றி வையுங்கள். வாள் ஆட்டம் மெதுவாக, அமைதியாக நடக்க வேண்டும். இடைவேளைக்குப் பின் தட்டு கரண்டி சத்தம் அடங்குவதற்கு முன் அதைப் போடாதீர்கள். சயீதித் தடி ஆட்டத்துக்கு முன்வரிசை நாற்காலிகளை இரண்டு மீட்டர் பின்தள்ளுங்கள். கடைசியில் தர்புக்கா (அரபு மேளம்) சோலோ. அதன் வேகத்திலேயே எல்லோரையும் மேடைக்கு அழைத்து விட்டால் பொது ஆட்டம் தானாகத் தொடங்கிவிடும்.

பழைய மாணவிகளை மேடையேற்றுவது

ஆண்டு விழா என்றால் ஊர் மாறிப்போன பழைய மாணவிகள் வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்க வழி இருக்காது. இதற்குக் கைகொடுக்கும் முறை குழு இம்ப்ரொவைசேஷன். கரோலினா நெரிச்சியோ 1987-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபேட்சான்ஸ்பெல்லிடான்ஸ் குழுவிலிருந்து பரவிய இந்த முறைக்கு நெடுநாள் அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல் என்று பெயர், இப்போது குழுவின் பெயரைச் சுருக்கி எஃப்சிபிடி ஸ்டைல் என்கிறார்கள். கோரியோகிராஃபி கிடையாது. எல்லோருக்கும் ஒரே அசைவுகள் தெரியும். முன்னால் நிற்பவர் கையாலும் தலையாலும் சைகை கொடுக்க, மற்றவர்கள் அதே நொடியில் தொடர்வார்கள்.

இது வேலை செய்வது நிற்கும் கோணத்தால்தான். தலைமை தாங்குபவர் ஆடுபவர்களின் இடது கைப்பக்கம் முன்னால் நிற்பார். எல்லோரும் நேராகப் பார்க்காமல் இடது மூலைப்பக்கம் சற்றுத் திரும்பி நிற்பார்கள். அப்போது வலப்பக்கம் பின்னால் நிற்பவருக்கும் தலைவியின் கை தெரியும். பார்வையாளர் கூட்டத்தில் கணவர் கேமரா பிடித்திருக்கிறார் என்று யாராவது நேராகத் திரும்பினால் சைகை அவரோடு அறுந்துவிடும், அவருக்குப் பின்னால் இருப்பவரும் தடுமாறுவார்.

ஆறு வாரம் முன்பே ஏழெட்டு அசைவுகள் கொண்ட பட்டியலை வீடியோவோடு அனுப்புங்கள். வேகப் பாட்டுக்கு ஈஜிப்ஷியன், அரேபிக், பிவட் பம்ப். மெதுவானதற்கு தக்ஸீம், பாடி வேவ் என்ற அளவில் போதும். அதற்கு மேல் யாரும் செய்யக் கூடாது. பத்து வருடம் முன் கற்றவர் அரேபிக்கின் கையை ஒரு மாதிரி தூக்குவார், போன வருடம் சேர்ந்தவர் வேறு மாதிரி. அந்த வேறுபாட்டை வீடியோவில் ஒருவழியாக்கிவிடுங்கள். மேடையில் பத்துப் பேர் அரைவட்டமாகப் பின்னால் நின்று வலது-இடது-வலது என்று ஜில் அடிக்க, இரண்டு இரண்டு பேராக, மூன்று மூன்று பேராக முன்னால் வந்து ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் பின்வாங்கட்டும். மெதுவான பாட்டில் ஜில் பேசாது. அன்று பிற்பகல் நாற்பது நிமிடம் மேடையிலேயே சேர்ந்து ஆடிப் பார்த்தால் போதும்.

ஒலியும் ஜில்லும்

பாட்டுகளை ஒரே லேப்டாப்பில் 01, 02 என்று எண் போட்டுப் பெயரிட்டு, அதே தொகுப்பை யூஎஸ்பி குச்சியிலும் வையுங்கள். புளூடூத் வேண்டாம், வயர்தான். ஃபோனிலிருந்து ஓட்டினால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். தர்புக்கா சோலோ நடுவே அழைப்பு வந்து பாட்டு நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. பழைய கெய்ரோ பதிவுகள் மெல்லியதாகவும் புதிய ஷாபி (எகிப்தியத் தெருப் பாப்) பாட்டுகள் காதைக் கிழிக்கும்படியும் இருக்கும், எல்லாவற்றையும் முன்பே ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் பாடல்கள் நேரடிப் பதிவில் அரைமணியைத் தாண்டி ஓடுபவை. நான்கு நிமிடத்துக்கு வெட்டும்போது வரியின் நடுவே வெட்டாதீர்கள். அரபி தெரிந்த ஒருவரிடம் எல்லாப் பாட்டின் வரிகளையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பக்திப் பாட்டுக்கு இடுப்பாட்டம் ஆடினால் வந்திருக்கும் அரபுக் குடும்பங்களுக்கு மனம் புண்படும்.

மேடையில் ஆடுபவர்களை நோக்கி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கட்டாயம். ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகிறது. ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 29 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். இடுப்பசைவில் அது தெரியாது, ஜில்லில் தெரிந்துவிடும். பின்வரிசை பின்தங்கி அடிப்பதாகக் குறை சொல்வதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

ஜில் எலாஸ்டிக்கை ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். புதிய எலாஸ்டிக் முதல் இரண்டு மூன்று பயிற்சியில் இளகும், மேடையில் இளகினால் ஜில் பறந்துவிடும். கட்டைவிரலிலும் நடுவிரலிலும் நகத்தின் அடியை ஒட்டி மாட்டி, கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். சரியாமல் நின்றால் சரி. விரல்நுனி மரத்துப்போனால் இறுக்கம் அதிகம்.

உடையில் கவனிக்க வேண்டியது ஒன்றே. பெல்ட்டைக் கொக்கியை மட்டும் நம்பி மாட்டாதீர்கள். முன், பின், இரு இடுப்பு என நான்கு பெரிய சேஃப்டி பின்களைப் படுக்கை வாட்டில், உள்பக்கமாகப் பாவாடையோடு சேர்த்துக் குத்துங்கள். செங்குத்தாகக் குத்தினால் ஷிம்மியின் குலுக்கலில் திறந்துகொள்ளும்.

தொகுப்பாளர்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று வரி அட்டை எழுதிக் கொடுங்கள். பாணி எங்கிருந்து வந்தது, தாளம் என்ன, யார் ஆடுகிறார்கள் என்று மூன்றே வரி. சயீதி என்றால் மேல் எகிப்து (நாட்டின் தென்பகுதி), ஆண்களின் தஹ்தீப் தடி விளையாட்டிலிருந்து வந்த தடி. ரக்ஸ் ஷர்க்கி (எகிப்திய மேடை பெல்லி டான்ஸ்) என்றால் பதியா மஸாப்னி 1926-ல் கெய்ரோவில் திறந்த அரங்கம், அங்கே ஆடிப் புகழ்பெற்ற தஹியா கரியோகா, சாமியா கமால். அந்தப்புர அழகிகளின் ஆதிகால நடனம் என்ற புளித்துப்போன கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன் பார்வையாளருக்கு ஸக்ரூதா (அரபுப் பெண்களின் மகிழ்ச்சிக் குரல்) போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் ஊர்க் குலவையேதான்: உச்சக் குரலில் நாக்கை வேகமாக அசைப்பது. கூட்டத்தில் மதுரைப் பக்கத்து அத்தை யாராவது இருந்தால் அவரையே தொடங்கச் சொல்லலாம். ஆட்டத்தின் நடுவில் போடலாம், போட வேண்டும் என்றும் சொல்லுங்கள். அமைதியாக இருப்பதுதான் மரியாதை என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கூடவே இரண்டு விதி: ஆடுபவரைத் தொடக் கூடாது, அன்பளிப்புப் பணத்தை வாசலில் உள்ள ஜாடியில் போட வேண்டும். படம் எடுக்க வேண்டாம் என்று சொன்ன மாணவிகளின் ஆட்டத்துக்கு முன் அதையும் அறிவித்துவிடுங்கள். அலுவலகத்தில் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் எல்லா ஸ்டூடியோவிலும் உண்டு.

சாப்பாடு ஆளுக்கொன்று கொண்டுவரும் முறையில் சுலபம். ஹம்மஸ், பாபா கனூஷ், பக்லாவா எதிலும் எள்ளோ கொட்டைப் பருப்போ இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காகத் தட்டுக்குப் பக்கத்தில் சீட்டு வையுங்கள். மேசை ஆடுகளத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் வெறுங்கால் வழுக்கும்.

துடைப்பம் ஒன்றை மேடைப் பக்கவாட்டில் வைத்து, அதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். மணிவேலைப் பெல்ட் ஒவ்வொன்றும் ஆட்டத்துக்கு நாலைந்து மணி உதிர்க்கும். நீளக் குழல் மணி கண்ணாடி. மிதித்தால் உடைந்து பாதத்தில் ஏறும். மணி உதிரும் உடை வந்துபோன ஒவ்வொரு முறையும், தொகுப்பாளர் பேசும் அந்த ஒரு நிமிடத்தில், பெருக்க வேண்டும். பொது ஆட்டத்துக்கு முன் பெருக்கிவிட்டு ஈரத்துணியாலும் ஒருமுறை துடையுங்கள், ஏனென்றால் அப்போது குழந்தைகளும் செருப்பில்லாமல் ஏறுவார்கள். எல்லாம் முடிந்து ஹாலை ஒப்படைக்கும்போது திரைக்கு அடியில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒற்றை ஜில்லும் பின்னும் அங்கேதான் கிடக்கும்.