எப்போது ஓடுவது, எப்போது பாஸ் கொடுப்பது

2010 ஜூன் 11, ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி, தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம், 55ஆவது நிமிடம். நம்ம ஷபலாலா இடது காலால் அடித்து வலையின் மேல் மூலையில் சொருகிய அந்தப் பந்தை, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பையன்கள் இன்றைக்கும் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள், அதில் பாதிப் பேர் அன்று பிறந்திருக்கவே மாட்டார்கள். நான் போனை வாங்கி ஐந்து விநாடி பின்னால் தள்ளுவேன். அடியைப் பார்க்காதே தம்பி, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது பார். நடுக்களத்திலிருந்து டிக்காசோய் கொடுத்த பாஸ் ஷபலாலாவின் காலுக்கு வரவில்லை, அவர் ஓடிக்கொண்டிருந்த வழியில், மெக்சிகோ டிஃபெண்டர்களுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்துக்கு வந்தது. ஓட்டம் ஒரு விநாடி முந்தியிருந்தால் ஆஃப்சைட் (பந்து உதைபடும்போதே டிஃபெண்டர்களைத் தாண்டி நின்று அதை வாங்குகிற தவறு), ஒரு விநாடி பிந்தியிருந்தால் டிஃபெண்டர் குறுக்கே வந்திருப்பார்.

அந்த ஒரு விநாடியைப் பழகுவது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்களுக்கும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் நடுக்களத்தில் நிற்பவர். பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் தூக்கி யார் எங்கே என்று தேடுகிறவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். இரண்டு தடவை பார்க்க வேண்டும்: பந்து இன்னும் மற்றவர் காலில் இருக்கும்போது ஒரு தடவை தோளுக்கு மேலே, பந்து உருண்டு வரும்போது இன்னொரு தடவை. எதைப் பார்ப்பது என்பதும் முக்கியம். காவடி அன்று கோயில் வாசல் கூட்டத்தில் பால்குடத்தோடு போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள், அவர்கள் கண் ஆட்கள் மேல் இருக்காது, ஆட்களுக்கு நடுவே திறக்கிற இடைவெளி மேல் இருக்கும். அதே பார்வைதான் வேண்டும். இதைப் பழக ஒரு எளிய வழி இருக்கிறது. பந்து வாங்குகிறவருக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு விரல்களைக் காட்டட்டும், பந்து வந்து சேர்வதற்குள் வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பந்து தவறிப் போய்க்கொண்டே இருக்கும், பரவாயில்லை, விடாதீர்கள், மூன்றாவது வாரத்தில் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடும்.

அடுத்தது உடம்பை வைக்கிற விதம். பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நின்றால் அவரும் அவருக்குப் பின்னால் இருக்கிறவர்களும்தான் கண்ணில் படுவார்கள், எதிரணியின் கோல் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாதி திரும்பி நில்லுங்கள், பந்தும் கோலும் ஒரே பார்வைக்குள் வரும்படி. பந்தை உங்களுக்குத் தூரமான காலில் வாங்குங்கள். வலப்பக்கத்திலிருந்து வருகிறதா, இடது காலுக்கு விடுங்கள், முதல் டச்சிலேயே நீங்கள் முன்னால் திரும்பியிருப்பீர்கள்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம். பாஸுக்கு முன்னால் ஒரு டச் இருக்கிறது. நடுக்கள ஆள் பந்தை வாங்கி, அடிக்க வசதியாகக் காலுக்கு அரை மீட்டர் முன்னால் தள்ளி, தலையைத் தூக்குகிறாரே, அந்த டச். நாங்கள் அதைத் தயார் டச் என்கிறோம். முன்னால் நின்று கோல் போட ஓடுகிற ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் ஓடச் சொல்லும் மணி. பந்து அவர் காலுக்கடியில் சிக்கிக் கிடக்கும்போதோ, அவர் முதுகு காட்டி நிற்கும்போதோ ஓடினால் அவரால் பாஸ் கொடுக்கவே முடியாது, நீங்கள் சும்மா ஆஃப்சைடில் போய் நின்று திரும்பி வருவீர்கள். தயார் டச்சைப் பார்த்ததும் கிளம்பினால் பந்து காலை விட்டுப் புறப்படும் நேரத்தில் நீங்கள் முழு வேகத்தில் இருப்பீர்கள், டிஃபெண்டரோ அப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருப்பார். பையன்கள் ஆடும்போது நான் பாதி நேரம் இந்த ஒன்றைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருப்பேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் மேல் வந்து உட்காரும்.

நடுக்கள ஆளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தயார் டச் எடுத்துவிட்டீர்கள், முன்னால் ஒருவர் ஓடிவிட்டார், அப்போது பந்தை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் தாண்டப் பார்க்காதீர்கள். நம் ஊர் டிஸ்கி ஆட்டத்தில், அதாவது டவுன்ஷிப் தெருக் கால்பந்தில், ஷிபோபோ என்றால், எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு எடுத்தால், மைதானமே எழுந்து நிற்கும். எனக்கும் அது பிடிக்கும், அந்த ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டம் தொடங்கிய பிறகு அதற்கு நேரமில்லை. இரண்டு தடவை வீணாக ஓடிய ஸ்ட்ரைக்கர் மூன்றாவது தடவை ஓடமாட்டார், அதற்காக அவரைத் திட்டவும் முடியாது.

இந்த நாட்டுக்கு இன்னொரு நல்ல பாடம் 1996 பிப்ரவரி 3 அன்று கிடைத்தது, ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே துனிசியா. மாற்று ஆளாக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் 73ஆவது நிமிடம் ஒன்று, 75ஆவது நிமிடம் ஒன்று என்று இரண்டு கோல் போட்டார், இரண்டாவது கோலுக்கு டிஃபென்ஸைப் பிளந்துகொண்டு போன பாஸ் நடுக்கள ஆள் ‘டாக்டர்’ குமாலோவுடையது. குமாலோ அவசரப்பட்டு ஆடியவர் அல்ல. முன்னால் ஓடுகிறவருக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர், அதனால்தான் அவருடைய பாஸ் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாஸின் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலுக்குக் கொடுக்கும்போது உறைப்பாகக் கொடுங்கள், மெதுவாகப் போகிற பந்தை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடுவார்கள். அதுவும் டிஃபெண்டருக்குத் தூரமான காலுக்கு. காலி இடத்துக்குக் கொடுக்கிற பந்து வேறு, அது போய் ஓடுகிறவர் முன்னால் வேகம் குறைய வேண்டும், இல்லையென்றால் அது கோல்கீப்பருக்குக் கொடுத்த பாஸ். எவ்வளவு அழுத்தி அடிப்பது என்பதைத் தரைதான் சொல்லும். டர்பனில் ஜூலை மாதம் மழையில்லாமல் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும், பந்து நிற்காமல் ஓடும், அப்போது காலுக்கே அதிகம் கொடுங்கள். ஜனவரியில் மழை பெய்து புல் வளர்ந்திருக்கும்போது அதே பாஸ் பாதி வழியில் நின்றுவிடும், அழுத்தி அடியுங்கள், அல்லது டிஃபெண்டரின் காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிடுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் வார்ம் அப் செய்யும்போது இருபது மீட்டர் பாஸ் பத்துத் தடவை அடித்துப் பார்த்தாலே அன்றைய தரை புரிந்துவிடும்.

அடிக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்பாதம், கணுக்கால் தளராமல், ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில், அதன் விரல்கள் பாஸ் போக வேண்டிய திசையில்.

கோணத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் பையன்களுக்கு மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் நேராக ஓடினால் பாஸ் சாய்வாகப் போக வேண்டும். ஸ்ட்ரைக்கர் சாய்வாக ஓடினால் பாஸ் நேராகப் போகலாம். இரண்டும் நேராக இருந்தால் பந்து ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், அவரால் பார்க்க முடியாது, பார்ப்பதற்குள் கோல்கீப்பர் எடுத்துவிடுவார்.

சரி, இப்போது முன்னால் ஆடுகிறவர்கள். இவர்களிடம் நான் முதலில் சொல்வது, பந்தைக் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்காதே என்பதுதான். நிற்கிற ஆளைக் காவல் காப்பது டிஃபெண்டருக்குச் சுலபம். டிஃபெண்டர் ஒரே நேரத்தில் இரண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பந்து ஒன்று, நீங்கள் ஒன்று. இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி நின்றால் அவர் வேலை எளிது. ஆகவே அவர் தோளுக்குப் பின்னால், அவர் கண் படாத பக்கத்தில் நில்லுங்கள். பந்தைப் பார்த்தால் உங்களை விட்டுவிடுவார், உங்களைத் திரும்பிப் பார்த்தால் பந்தை விட்டுவிடுவார், அவர் தலை பந்து பக்கம் திரும்புகிற கணம்தான் உங்களுடையது.

வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் முதலில் இரண்டு மூன்று அடி வையுங்கள். டிஃபெண்டருக்குப் பின்னால் ஓட ஆசையா, முதலில் காலுக்குப் பந்து கேட்பது போல நடுக்களம் பக்கம் வாருங்கள், டிஃபெண்டர் கூடவே ஒரு அடி முன்னால் வருவார், அந்த நொடி திரும்பி ஓடுங்கள். காலுக்கு வேண்டுமா, முதலில் பின்னால் ஓடுவது போல் அவரைத் தள்ளிக்கொண்டு போய் வெட்டித் திரும்புங்கள். முதல் இரண்டு அடியை மெதுவாக வைத்து அடுத்த இரண்டை முழு வேகத்தில் வைக்க வேண்டும், ஏமாற்றுவது அந்த வேக மாற்றம்தான். ஓட்டம் முழுக்க ஒரே வேகத்தில் இருந்தால் எவ்வளவு வேகமான ஆளாக இருந்தாலும் டிஃபெண்டர் பழகிவிடுவார்.

ஆஃப்சைட் பற்றிப் பெரியவர்களே குழம்புகிறார்கள். பந்து உங்களிடம் வந்து சேரும்போது எங்கே இருந்தீர்கள் என்பது கணக்கில்லை, உங்கள் ஆள் பந்தை உதைத்த கணத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதே கணக்கு. கடைசிக்கு முந்தைய எதிராளிக்கு நேராக இருந்தால் ஆஃப்சைட் இல்லை. கையும் புஜமும் கணக்கில் வராது. உங்கள் பாதி மைதானத்தில் இருந்தால் ஆஃப்சைட் இல்லை. த்ரோ இன், கோல் கிக், கார்னர், இந்த மூன்றிலிருந்து நேராக வருகிற பந்துக்கும் ஆஃப்சைட் இல்லை, ஆனால் த்ரோ இன் நேரத்தில் டிஃபெண்டர்களுக்குப் பின்னால் போய் நிற்கிற ஸ்ட்ரைக்கரை நம் உள்ளூர் ஆட்டங்களில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். போய் நில்லுங்கள்! அவர்கள் வரிசையே கலைந்துவிடும். மற்ற நேரங்களில் ஆஃப்சைடுக்குத் தப்ப, நேராக ஓடாமல் டிஃபெண்டர் வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் சில அடி ஓடி, பந்து புறப்படுகிறபோது வில் மாதிரி வளைந்து உள்ளே போங்கள். வேகமும் குறையாது, பந்தும் கண்ணில் இருக்கும்.

ஓரமாக ஆடுகிற விங்கர் கோல் லைன் வரை போய்விட்டால் எல்லோரும் கோலை நோக்கிப் பாய்வார்கள், டிஃபெண்டர்களும் சேர்த்து. அப்போது ஒருவர் மட்டும் பெனால்ட்டி புள்ளி பக்கம், கோலிலிருந்து 11 மீட்டரில், காலை ஊன்றி நின்றுவிடட்டும். பின்னால் இழுத்துக் கொடுக்கிற பந்து அவரிடம்தான் வரும், சுற்றிலும் ஆள் இருக்காது.

பந்து கிடைக்காத ஓட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. ஒரு ஸ்ட்ரைக்கர் இறங்கி வந்தால் அவரோடு டிஃபெண்டர் வெளியே வருவார், அங்கே ஒரு ஓட்டை விழும், இன்னொருவர் அதற்குள் ஓட வேண்டும். இறங்கி வந்தவர் பந்தைத் தொடக்கூட மாட்டார், ஆனால் பாதி கோல் அவருடையது. மூன்றாவது ஆள் ஓட்டமும் இதே குடும்பம்தான்: நடுக்களத்திலிருந்து ஸ்ட்ரைக்கர் காலுக்கு ஒரு பாஸ், அவர் ஒரே டச்சில் பக்கத்தில் வைக்கிறார், அதற்குள் மூன்றாவது ஆள் ஓடிவந்து எடுக்கிறார். இங்கே மணி கொஞ்சம் முன்னாலேயே அடிக்கிறது, முதல் பாஸ் புறப்பட்டதுமே மூன்றாவது ஆள் கிளம்பிவிட வேண்டும். எங்கள் பையன்களிடம் ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவரைக் கேட்பதில்லை, யார் ஓடியதால் அந்த இடம் திறந்தது என்று கேட்பேன். அந்தப் பெயரை மற்ற பையன்களே சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓடி வருகிறவருக்கும் நிற்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ம ஊர் மைதானத்திலேயே உலகம் பார்த்தது. 2010 ஜூலை 7, டர்பன் மோசஸ் மபீதா மைதானம், உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் அரையிறுதி. 73ஆவது நிமிடம் ஸ்பெயின் ஆட்டக்காரர் சாவி கார்னர் அடிக்கிறார், அவர் அணியின் டிஃபெண்டர் புயோல் தூரத்திலிருந்து ஓடிவந்து எழும்பித் தலையால் முட்டுகிறார், ஸ்பெயின் 1-0. புயோல் 1.78 மீட்டர் உயரம்தான், ஜெர்மனி டிஃபென்ஸில் நின்ற மெர்ட்டெசாக்கர் 1.98. ஓடி வந்து எழும்புகிறவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கார்னருக்கு உள்ளே போய்ச் சிலை மாதிரி நிற்கிற பையன்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நான் அதிகம் பயன்படுத்துவது ஒன்றே ஒன்று. சுமார் 30 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலத்துக்கு இடம் பிடித்து இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேர், கோல் கம்பம் வேண்டாம், இரண்டு முனையிலும் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் முன்கூட்டியே யாரும் நிற்கக் கூடாது. தயார் டச்சுக்குப் பிறகு ஓடிவந்து உள்ளே பந்தை வாங்கினால் மட்டும் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் கிளம்பினால் பந்து எதிரணிக்கு. பாஸ் கொடுக்கிறவருக்கு இரண்டே டச். முதலில் டிஃபெண்டர்களை நடந்து மட்டும் காக்கச் சொல்லுங்கள், கொடுப்பவரும் ஓடுபவரும் ஒருவரையொருவர் பார்க்கப் பழகட்டும், அப்புறம் முழு வேகத்துக்கு விடுங்கள். பத்து நிமிடம் ஆடி, மூன்று நிமிடம் தண்ணீர், மறுபடி பத்து நிமிடம், அதற்கு மேல் போனால் கால் களைத்து ஓட்டம் பொய்யாகிவிடும். கடைசி ஐந்து நிமிடம் ஆட்களை மாற்றிப் போடுங்கள், ஸ்ட்ரைக்கர் நடுக்களத்துக்கு, நடுக்கள ஆள் முன்னால். காலுக்கடியில் பந்து சிக்கிக் கிடக்கும்போது முன்னால் ஒருவன் ஓடிவிட்டால் எப்படி இருக்கும் என்று ஸ்ட்ரைக்கருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூம்பு இல்லையென்றால் செருப்பைப் போட்டுப் பெட்டி கட்டிக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.