லைலின் கடிதங்களை எங்கே தொடங்கிப் படிப்பது

முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். சார்லஸ் லைலின் கடிதங்களைத் தேடினால் முதலில் அகப்படுவது 1881-ல் லண்டனில் ஜான் மர்ரி வெளியிட்ட இரண்டு தடித்த தொகுதிகள்தான். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கும். அதைத் திறந்து பிள்ளைப்பருவம், பள்ளிக்கூடம், பூச்சி பிடித்து விளையாடியது என்று வரிசையாகப் போனால், கல்லும் எரிமலையும் வருவதற்குள் பாதிப்பேர் மூடி வைத்துவிடுவார்கள். அந்தப் பகுதிகள் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் லைல் யார் என்று பிடிபட்ட பிறகு திரும்பி வந்து படிக்க வேண்டியவை.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1797-ல் ஸ்காட்லாந்தின் கின்னோர்டியில் பிறந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் பக்லண்டின் வகுப்புகளில் உட்கார்ந்து நிலவியலில் ஆசை பிடித்தது, வக்கீலுக்குப் படித்தார், கண் கோளாறு ஒரு பக்கம் கல் ஆசை ஒரு பக்கம் இழுக்க அந்தத் தொழிலை விட்டார். 1830-க்கும் 1833-க்கும் நடுவில் மூன்று தொகுதிகளாக 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஜியாலஜி' வந்தது. இன்று நம் கண்ணெதிரே நடக்கும் மழை, ஆறு, அலை, எரிமலை, நிலநடுக்கம் இவை போதும், பூமியின் பழைய கதை முழுவதையும் இவற்றாலேயே சொல்லிவிடலாம், வேண்டியது ஏராளமான காலம் மட்டும்தான் என்பது அதன் வாதம். 1875-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 1829 ஜனவரி 15, நேப்பிள்ஸிலிருந்து சக நிலவியலாளர் ரோடரிக் முர்ச்சிசனுக்கு எழுதிய கடிதம். முந்தைய வருடம் முர்ச்சிசன் தம்பதியோடு பிரான்ஸின் ஓவெர்னில் எரிமலைகளைப் பார்த்துவிட்டு, இத்தாலியில் பிரிந்து, தனியாக சிசிலி வரை போய் எட்னாவையும் சுற்றிவிட்டு வந்த கையோடு எழுதியது. புத்தகத்தில் ஒரு பகுதி எழுதியாகிவிட்டது, திட்டம் முழுவதும் தயார் என்கிறார். ஆதிகாலம் முதல் இன்றுவரை இப்போது இயங்கும் காரணங்களைத் தவிர வேறு எதுவும் இயங்கியதில்லை, அவற்றின் வேகமும் மாறியதில்லை என்று அடித்துச் சொல்கிறார். பின்னால் மூன்று தொகுதிகளாக விரிந்தது இங்கே ஒரே பத்தியில் இருக்கிறது. புத்தகத்தில் வக்கீல் மாதிரி சுற்றி வளைத்து வருவார். முர்ச்சிசனிடம் சுற்றி வளைக்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் பிரித்துப் படியுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். கடிதத்தின் உள்ளே போவதற்கு முன்னால் யாருக்கு எழுதியது என்று பாருங்கள், அந்த ஆளுக்கு எழுதிய மற்ற கடிதங்களை அடுத்தடுத்துப் படியுங்கள், ஏனென்றால் லைல் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குரலில் பேசுகிறவர். கிடியன் மேன்டெலை எடுத்துக்கொள்ளுங்கள். இகுவானோடான் என்ற டைனோசரைக் கண்டறிந்தவர், சசெக்ஸில் லூயிஸ் என்ற ஊரில் வைத்தியர், அவரிடம் லைலுக்குப் பூச்சே கிடையாது. 1827 மார்ச் 2-ந் தேதி அவருக்கு எழுதும்போது, லாமார்க்கை (உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று வாதிட்ட பிரெஞ்சு அறிஞர்) பயணத்திலேயே விழுங்கித் தீர்த்தேன், இதுவரை படித்த எந்த நாவலும் இவ்வளவு சந்தோஷம் தரவில்லை என்கிறார். ஆனால் தப்பான கட்சிக்காக வாதாடும் கெட்டிக்கார வக்கீலைக் கேட்பது போலத்தான் கேட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அப்புறம் 'பிரின்சிபிள்ஸ்' இரண்டாம் தொகுதியைத் திறந்து பாருங்கள், அங்கே லாமார்க்கை அத்தியாயம் அத்தியாயமாக மறுக்கிறார். மறுப்பை மட்டும் படித்தவருக்கு அந்தச் சந்தோஷம் தெரியவே தெரியாது.

அடுத்தது ஜார்ஜ் பூலெட் ஸ்க்ரோப். இவர் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் லைலின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதப்போகிறவர். 1830 ஜூன் 14-ந் தேதி கடிதத்தில், எப்படி எழுத வேண்டும் என்று புத்தகத்தின் ஆசிரியரே வகுப்பு எடுக்கிறார். நிலவியலை மோசேயிடமிருந்து, அதாவது பைபிளின் படைப்புக் கதையிலிருந்து, விடுவிக்க வேண்டும், ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று மார்தட்டக் கூடாது, இந்தக் காலத்தவர் எவ்வளவு பரந்த மனதோடு இருக்கிறார்கள் என்று புகழ்ந்து வையுங்கள், பிஷப்புகளே நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்கிறார். இன்றைக்கு இதை ஊடக மேலாண்மை என்று சொல்லிப் பணம் வாங்குவார்கள். புத்தகத்தில் வேதாகமத்தைப் பற்றி லைல் ஏன் அவ்வளவு அடக்கி வாசிக்கிறார் என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு கடிதத்தில் கிடைத்துவிடும்.

மேரி ஹார்னருக்கு எழுதியவை வேறு ரகம். 1832-ல் பான் நகரத்தில் கல்யாணம். அதற்கு முந்தைய மாதங்களில் தினக்குறிப்பு மாதிரியே அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். யார் வீட்டு விருந்து, யார் என்ன சொன்னார், புத்தகம் எத்தனை பக்கம் நகர்ந்தது என்று எல்லாம் உண்டு. காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தால் சிப்பி வகைகள் வரும். மேரி நத்தை, சிப்பிகளில் தேர்ந்தவர், ஆகவே இதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது ஒரு கடிதத்தை எப்படி உடைத்துப் பார்ப்பது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1837 மே 24, ஜான் ஹெர்ஷலுக்கு எழுதியது. ஹெர்ஷல் அப்போது நன்னம்பிக்கை முனையில் தெற்கு வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். டார்வினின் புதிய பவளத்தீவுக் கொள்கை தலை நிறைய நிற்கிறது, அடுத்த கூட்டத்தில் அவரைப் படிக்க வைக்கச் சொல்லி ஹ்யூவெலை நெருக்கியிருக்கிறேன், என்னுடைய எரிமலைவாய்க் கொள்கையை நிரந்தரமாகக் கைவிட வேண்டியதுதான், முதலில் கொஞ்சம் வலித்தது என்று எழுதுகிறார். இதை வைத்துக்கொண்டு மூன்று இடம் போங்கள். முதலில் பின்னோக்கி, 1832-ல் வந்த 'பிரின்சிபிள்ஸ்' இரண்டாம் தொகுதிக்கு. வட்டமான பவளத்தீவுகள் கடலுக்குள் மூழ்கியிருக்கும் எரிமலைகளின் வாய் விளிம்பில் வளர்ந்தவை என்று அங்கே வாதாடுகிறார், கைவிட்டது இதைத்தான். அடுத்து பக்கவாட்டில்: மே 31-ந் தேதி, அதாவது சரியாக ஒரு வாரத்தில், நிலவியல் கழகத்தில் டார்வின் தன் கட்டுரையைப் படித்தார். கடலடி நிலம் மெல்லத் தாழத் தாழ பவளம் மேல்நோக்கி வளர்கிறது என்பது அதன் சாரம். ஹ்யூவெல் அப்போது கழகத்தின் தலைவர், லைல் ஏன் அவரை நெருக்கினார் என்பது இப்போது புரிகிறது அல்லவா? மூன்றாவதாக முன்னோக்கி, 'பிரின்சிபிள்ஸின்' பிந்தைய பதிப்புகளுக்கு. லைல் ஒவ்வொரு பதிப்பிலும் கை வைத்துக்கொண்டே இருந்தவர், மொத்தம் 12 பதிப்புகள், கடைசியானது அவர் இறந்த வருடத்தில் வந்தது. அதனால் கடிதத்தோடு புத்தகத்தை ஒப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துவிடுங்கள். 1867-ல் வரத் தொடங்கிய பத்தாம் பதிப்பில் உயிரினங்கள் மாறுவதை ஏற்கும் லைலை 1832-ன் லைலோடு குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேதிகளை நம்புவதற்கு முன் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து நடந்த டார்வின் கடிதத் திட்டத்தின் தளத்தில், கடிதத்தில் இல்லாமல் பதிப்பாளர்கள் ஊகித்துச் சேர்த்ததெல்லாம் அந்தக் குறிக்குள் இருக்கும். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையையே தனியாக எட்டிய வாலஸ் டெர்னாட்டே தீவிலிருந்து அனுப்பிய கட்டுரை கைக்கு வந்ததும் டார்வின் லைலுக்கு எழுதினாரே, வேறொருவர் முந்திக்கொள்வார் என்ற உங்கள் எச்சரிக்கை இப்படி வட்டியும் முதலுமாகப் பலித்துவிட்டதே என்று, அந்தப் புகழ்பெற்ற கடிதத்தின் தலையில் இருப்பது 18 என்ற எண் மட்டும்தான். ஜூன் என்பதும் 1858 என்பதும் பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுச் சேர்த்தவை. கட்டுரை உண்மையில் எந்த நாளில் வந்தது என்று கப்பல் தபால் அட்டவணைகளை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள் என்றால் அதற்கு இடம் கொடுத்தது இந்த வெற்றிடம்தான். இதற்கு அடுத்த 25, 26-ந் தேதிக் கடிதங்களையும் சேர்த்தே படியுங்கள்: வீட்டில் கைக்குழந்தை சாகக் கிடக்க, இப்போது என் கட்டுரையை வெளியிட்டால் அது நேர்மையா என்று லைலிடமே கேட்கிறார். ஜூலை 1-ந் தேதி லைலும் டார்வினின் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கரும் ஏற்பாடு செய்து இரண்டு பேருடைய கட்டுரைகளும் லின்னேயன் கழகத்தில் சேர்த்தே படிக்கப்பட்டன. அந்த இரண்டு வாரத்தில் லைல் திருப்பி எழுதியவை கிடைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பேச்சு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

கையெழுத்துப் பிரதியின் படத்தையே பார்க்கத் துணிந்தால் தபால் கட்டணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி விசித்திரங்கள் அதிலேயே விளங்கிவிடும். பிரிட்டனில் 1839 டிசம்பர் வரை தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம், பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுப்பார். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்காகிவிடும். அதனால் ஒரே தாளை நம் இன்லேண்ட் லெட்டர் மாதிரி மடித்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து அனுப்பினார்கள். இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுவார்கள், அதுவும் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். நடுவில் ஒரு வார்த்தை ஓட்டையாக இருந்தால் யாரும் கிழித்து மறைக்கவில்லை, அரக்கைப் பிரிக்கும்போது தாள் பிய்ந்திருக்கும். 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி, எவ்வளவு தூரமானாலும் அதே காசு. கடிதங்கள் சட்டென்று அதிகமாவதும், ஒரு வரிக்காகக்கூட எழுதுவதும் இதற்குப் பிறகுதான்.

எழுத்து திடீரென்று தெளிவாகிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் கை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கண் மோசமாக இருந்ததால் லைல் அடிக்கடி சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். மேரி பல காலம் எழுதிக் கொடுத்தார், கடைசிப் பத்து வருடங்களில் அரபெல்லா பக்லி செயலாளராக இருந்தார்.

1881 தொகுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொகுத்தவர் கேதரின் லைல், மேரியின் தங்கை, லைலின் தம்பி ஹென்றியின் மனைவி. அதாவது இரண்டு பக்கமும் குடும்பம். எதைப் போடலாம் எதை விடலாம் என்பதைக் குடும்பத்துக்காரர்தான் முடிவு செய்தார், உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய பேச்சும் அதில் அடக்கம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காலத்து வழக்கமே அது, அவர் இல்லாவிட்டால் நமக்கு இவ்வளவும் கிடைத்திருக்காது. ஆனால் புள்ளி புள்ளியாக வைத்து வெட்டியிருக்கும் இடத்தில் மூலத்தைத் தேடுங்கள். மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன. டார்வின் லைலுக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கன் ஃபிலசாஃபிகல் சொசைட்டியில் இருக்கிறது. மேன்டெலின் காகிதங்கள் மகன் மூலமாக நியூசிலாந்து போனவை, இப்போது வெல்லிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில். லைலின் 294 குறிப்பேடுகளை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-ல் குடும்பத்திடமிருந்து வாங்கி, படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. குறிப்பேட்டைத் திறந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், லைல் தாமே பொருளடைவு எழுதி வைக்கிற வழக்கம் உள்ளவர்.

நோட்டுப் போடுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு ஷீட்டில் தேதி, எங்கிருந்து, யாருக்கு, என்ன சொன்னார், அதே விஷயத்தை வேறு யாரிடம் எப்படிச் சொன்னார் என்று ஐந்து பத்தி (நெடுவரிசை) போதும். கடைசிப் பத்தி பல நாள் காலியாகவே இருக்கும், பரவாயில்லை, அது நிரம்பும்போதுதான் வேலைக்குப் பலன்.

அந்தப் பத்தியை முதலில் நிரப்பிப் பழக 1863-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனின் தொன்மையைப் பற்றிய லைலின் புத்தகம் அந்த பிப்ரவரியில் வெளியானது, உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று வெளிப்படையாகத் தீர்ப்புச் சொல்வார் என்று டார்வின் காத்திருந்தார், லைல் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் ஹூக்கருக்கு எழுதும்போது டார்வின் இதற்கு லைலின் கோழைத்தனமே காரணம் என்று போட்டு உடைக்கிறார். மார்ச் 6-ந் தேதி லைலுக்கே எழுதும்போது ஏமாற்றத்தை மறைக்கவில்லை, ஆனால் அந்தச் சொல் அங்கே இல்லை. 11-ந் தேதி லைலின் பதில்: என் அறிவு போகும் எல்லை வரை சொல்லிவிட்டேன், என் கற்பனையும் உணர்வும் போகிற தூரத்தையும் தாண்டியே சொல்லியிருக்கிறேன் என்கிறார். மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள், அப்புறம் லைல் அந்த மாதத்தில் மற்றவர்களுக்கு எழுதியவற்றை 1881 தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் தேடத் தொடங்கலாம்.