கல்வியியல் ஆய்வேட்டிலிருந்து முதல் ஆய்விதழ்க் கட்டுரை வரை: படிப்படியாக

எம்.எட். ஆய்வேடோ பிஎச்.டி. ஆய்வேடோ முடிகிற நேரத்தில் நெறியாளர் ஒரு வார்த்தை சொல்வார்: "இதுலேர்ந்து ரெண்டு பேப்பர் போட்டுடுங்க." எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து சொல்லித் தருபவர்கள் குறைவு. கல்வியியல் துறையில் முதல் கட்டுரை எழுதுபவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். யு.ஜி.சி.யின் 2016 பிஎச்.டி. விதிமுறைகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதிகளில் அதை இன்னும் வைத்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் இல்லையென்றால் அவசரமும் இல்லை. அவசரம் இல்லையென்றால் போலி ஆய்விதழ்காரர்களிடம் சிக்கும் வாய்ப்பும் குறையும்.

படி 1: ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள்

இருநூறு பக்க ஆய்வேட்டைச் சுருக்கி இருபது பக்கம் ஆக்கினால் அது கட்டுரை ஆகாது. ஆய்வேட்டில் பத்துப் பதினைந்து கருதுகோள்கள் இருக்கும்: ஆண்-பெண், கிராமம்-நகரம், அரசுப் பள்ளி-தனியார் பள்ளி என்று வரிசையாக டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டு, "குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது", "இல்லை" என்று அட்டவணைகள் நிறைந்திருக்கும். அதை அப்படியே அனுப்பினால் எடிட்டர் கேட்கப்போவது ஒன்றுதான்: "சரி, அதனால் என்ன?" நம் கட்டுரைகள் திரும்பி வருவதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கேள்வியில் உயிர் இல்லாததுதான் பெரிய காரணம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கற்பிக்கத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "எண்ணும் எழுத்தும் திட்டம் பற்றிய ஆசிரியர்களின் மனப்பான்மை" என்று ஒரு தலைப்பு வைக்கலாம். ஆனால் அந்தத் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள் அல்லவா? ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், ஒரு குழந்தை மொட்டிலிருந்து மலருக்குப் போய்விட்டது என்று அந்த ஆசிரியர் எதை வைத்து முடிவு செய்கிறார்? இது கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் வேறு நாட்டில் பல நிலைக் குழந்தைகளுக்குச் சேர்த்துப் பாடம் நடத்துபவருக்கும் பயன் உண்டு.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற பயமும் வேண்டாம். மேத்யூ மேக்கெல், ஜொனாதன் பிளக்கர் ஆகிய இருவரும் கல்வித்துறையின் முன்னணி ஆய்விதழ்கள் 100ஐ எடுத்து, அவை வெளியிட்டவற்றையெல்லாம் தேடி 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்பு நடந்த ஓர் ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்த கட்டுரைகள் 0.13 சதவீதம்தான். அமெரிக்க வகுப்பறையில் கண்ட ஒரு முடிவு தருமபுரியில் நிற்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதும் நல்ல ஆய்வுதான்.

படி 2: எழுதுவதற்கு முன் ஆய்விதழைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் எழுதி முடித்துவிட்டு "எங்கே போடலாம்?" என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒவ்வொரு ஆய்விதழுக்கும் ஒரு தனிப் பேச்சு உண்டு. அது யாரோடு எதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் நடுவில் போய்ப் பேச முடியும்.

தேடுவதற்கு எரிக் என்ற தரவுத்தளம் போதும். அமெரிக்கக் கல்வித்துறை 1960களிலிருந்து நடத்திவருவது, இலவசம். மதிப்பீடு செய்யப்பட்ட கட்டுரைகளை மட்டும் காட்டு என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டுத் தேடுங்கள். உங்கள் தலைப்பில் வந்த கட்டுரைகள் திரும்பத் திரும்ப எந்த ஆய்விதழ்களில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கன்டெம்பரரி எஜுகேஷன் டயலாக், என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் இந்தியன் எஜுகேஷனல் ரிவ்யூ இரண்டையும் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். கல்விக் கொள்கை சார்ந்த ஆய்வு என்றால் எஜுகேஷன் பாலிசி அனாலிசிஸ் ஆர்க்கைவ்ஸ் இருக்கிறது. 'மெட்டா அனாலிசிஸ்' (பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் சேர்த்துப் பார்ப்பது) என்ற சொல்லை 1976இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜீன் கிளாஸ் 1993இல் தொடங்கியது. இணையம் பரவலாவதற்கு முன்பே மின்னிதழாக வந்தது. படிக்கவும் காசு இல்லை, எழுதுபவரிடமும் காசு வாங்குவதில்லை. ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் மூன்றிலும் கட்டுரைகள் வருகின்றன.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச் இத்துறையின் உச்சத்தில் இருக்கும் ஆய்விதழ்களில் ஒன்று. ஆனால் அது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கட்டுரைகளுக்கானது. உங்கள் சர்வே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே இடமில்லை. இந்த ஒரு தகவலுக்காகவே "நோக்கமும் எல்லையும்" பக்கத்தை வரி விடாமல் படிக்க வேண்டும்.

படி 3: போலிகளைக் கழியுங்கள்

முன்பெல்லாம் தரமான ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த யு.ஜி.சி.-கேர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பார்கள். 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலையே கைவிட்டது. இனி தரம் பார்க்கும் வேலை நம்முடையதும் நம் கல்லூரியுடையதும்தான்.

வாட்ஸ்அப்பில் "மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம்" என்று வந்தால் அங்கேயே முடிந்தது. ஒரு ரிவியூவர் (கட்டுரையை மதிப்பிடும் அதே துறைக்காரர்) ஒழுங்காகப் படிக்கவே சில வாரம் ஆகும். 2013இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அப்பட்டமான தவறுகளை வைத்து ஒரு போலி மருந்து ஆய்வுக் கட்டுரையைத் தயாரித்து, சற்றே மாற்றி மாற்றி 304 திறந்த அணுகல் ஆய்விதழ்களுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களுக்கு, அனுப்பினார். 157 ஆய்விதழ்கள் ஏற்றுக்கொண்டன! இணையதளத்தில் 'பியர் ரிவியூடு' என்று போட்டிருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை இது. திறந்த அணுகல் இதழ் என்றால் அத்தகைய ஆய்விதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் பெயரைத் தேடுங்கள்; கட்டணம் வாங்காத ஆய்விதழ்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் அதில் வழி உண்டு. ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் (எடிட்டோரியல் போர்டு) இருப்பவர்கள் இருவரை எடுத்து, அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த ஆய்விதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சமீபத்திய இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். கல்வியியல் இதழில் கோழி வளர்ப்புக் கட்டுரையும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். நல்ல ஆய்விதழின் பெயரையும், இதழுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐயும் திருடி அதேபோல இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. அதனால் மின்னஞ்சலில் வந்த சுட்டியை அழுத்தி உள்ளே போகாதீர்கள். கட்டணம் கேட்பதாலேயே ஓர் ஆய்விதழ் போலி ஆகிவிடாது. கட்டணத்தை மறைத்து, ஏற்றுக்கொண்ட பிறகு சொல்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

படி 4: எழுதுங்கள்

ஆய்வு முறையை முதலில் எழுதுங்கள். செய்ததைச் சொல்வது சுலபம். அப்புறம் முடிவுகள், விவாதம். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில்.

முன் ஆய்வுகள் பகுதியை ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டாம். "இவர் 2012இல் ஆராய்ந்தார், அவர் 2015இல் ஆராய்ந்தார்" என்ற பட்டியல் ஆய்விதழில் எடுபடாது. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டு ஆய்விதழ் என்றால் அரும்பு, மொட்டு, மலர் என்னவென்று விளக்க ஒரு பத்தி தேவை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் யார் நடத்துவது, யார் படிக்கிறார்கள் என்பதும் பிரேசிலில் இருக்கும் ரிவியூவருக்குத் தெரியாது.

குழந்தைகளிடம் தரவு வாங்கியிருந்தால் பெற்றோர் சம்மதம், பள்ளி அனுமதி, உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி ஆகியவற்றை எழுதுங்கள். சொந்த வகுப்பு மாணவர்களிடமே ஆய்வு செய்திருந்தால், "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். கட்டுரையாசிரியர்களின் வரிசையை நெறியாளரோடு இப்போதே பேசி முடியுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் சங்கடம்தான்.

படி 5: அனுப்புங்கள்

ஆர்கிட் தளத்தில் பதிந்து, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண் வாங்குங்கள், இலவசம். பல கல்வி ஆய்விதழ்களில் எழுதியவர் யாரென்று ரிவியூவருக்கும், ரிவியூவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. ஆகவே கோப்பில் உங்கள் பெயர், கல்லூரிப் பெயர், நன்றியுரை எதுவும் இருக்கக் கூடாது. வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் நீக்குங்கள்.

உங்கள் ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறியிருந்தால் ஒப்புமைச் சோதனையில் உங்கள் எழுத்தோடு உங்கள் எழுத்தே பொருந்தி நிற்கும். எடிட்டருக்கு எழுதும் கடிதத்தில் "இது எனது முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து உருவானது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஒரு நேரத்தில் ஓர் ஆய்விதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். இதில் விதிவிலக்கு தேடாதீர்கள்.

படி 6: காத்திருங்கள்

எடிட்டரே படித்துவிட்டுச் சில நாளில் திருப்பி அனுப்பலாம். பெரும்பாலும் அது "எங்களுக்குப் பொருந்தாது" என்பதுதான். வேறு இடம் பாருங்கள். அதைத் தாண்டினால் இரண்டு மூன்று ரிவியூவர்களிடம் போகும். அவர்கள் சம்பளம் இல்லாமல் செய்பவர்கள், அழைத்தாலும் பலர் மறுத்துவிடுவார்கள். அதனால் மாதக்கணக்கில் ஆகும். மூன்று நான்கு மாதம் செய்தியே இல்லையென்றால் பணிவாக இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்.

படி 7: பதில் கடிதம்

"பெரிய திருத்தங்கள் தேவை" என்று வந்தால் பலர் சோர்ந்து போய்க் கட்டுரையைக் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள்.

முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள். கோபம் தணிந்த பிறகு ஓர் அட்டவணை போடுங்கள்: ரிவியூவர் சொன்னது, நீங்கள் செய்தது, எந்தப் பக்கம். ஒரு கருத்தைக்கூட விடாதீர்கள். உதாரணமாக, "மூன்று பள்ளிகளை வைத்து மாநிலம் முழுமைக்கும் முடிவு சொல்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "நேரமின்மையால் மூன்று பள்ளிகள்தான் எடுக்க முடிந்தது" என்பது பதில் ஆகாது. இப்படி எழுதலாம்: "ஒப்புக்கொள்கிறோம். 'தமிழ்நாட்டு ஆசிரியர்கள்' என்று இருந்த இடங்களை 'இந்த மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள்' என்று மாற்றியிருக்கிறோம், பக்கம் 17. பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பக்கம் 8இல் சேர்த்திருக்கிறோம்."

எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. "ஆண், பெண் ஆசிரியர்களை டி-டெஸ்ட் மூலம் ஒப்பிடுங்கள்" என்று கேட்கிறார் என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது ஆறே ஆசிரியர்கள், அதுவும் நேர்காணல். அந்தச் சோதனை இங்கே ஏன் பொருந்தாது என்று மரியாதையாக மூன்று வரியில் எழுதி, அதே குழப்பம் வாசகருக்கு வராதபடி ஆய்வு முறைப் பகுதியில் ஒரு வாக்கியம் சேருங்கள். இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் எந்தப் பக்கம் போகிறீர்கள், ஏன் என்று எடிட்டருக்கு எழுதுங்கள், முடிவெடுப்பவர் அவர்தான். ஒரு ரிவியூவர் சம்பந்தமே இல்லாமல் ஒரே ஆளின் ஐந்தாறு கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னால், அதையும் எடிட்டரிடம் தனியாகச் சொல்லலாம்.

நிராகரித்தாலும் வந்த குறிப்புகளை வைத்துத் திருத்தியே அடுத்த ஆய்விதழுக்கு அனுப்புங்கள். கல்வியியலில் ஒரு குறிப்பிட்ட தலைப்பைப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதே ரிவியூவரிடமே அது மறுபடி போய்ச் சேரலாம்.

படி 8: ஏற்றுக்கொண்ட பிறகு

மெய்ப்பு (வெளியிடும் முன் நீங்கள் சரிபார்க்க வேண்டிய படி) வரும், இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கேட்பார்கள். அட்டவணை எண்களையும் பெயர்களையும் மட்டும் கவனமாகப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன், ஏற்கப்பட்ட வடிவத்தை உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்ற அனுமதி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தரவு தந்த பள்ளிகளுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுங்கள்.

கட்டுரை வெளியான பிறகு ஒருநாள் வேறொருவரின் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி உங்களுக்கே அழைப்பு வரும். போலி இதழ்களும் இப்படி அழைக்கும், படி 3ஐ இதற்கும் செய்யுங்கள். உங்கள் தலைப்புத்தான் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், பிறகு பெரிய குறைகள் இரண்டு மூன்று, கடைசியில் சில்லறைத் திருத்தங்கள். அந்தக் கோப்பு ரகசியம். நண்பருக்கு அனுப்பவும் கூடாது, சாட்ஜிபிடியில் ஏற்றவும் கூடாது.