கல்லூரி குவாட்டர்பேக்கை எடைபோடும்போது நாம் செய்கிற தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை நடத்தி, பந்தை எறிகிறவர்தான் குவாட்டர்பேக். 2007-ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜமார்கஸ் ரஸ்ஸலைப் பற்றி எல்லோரும் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: முழங்காலில் இருந்தபடியே பந்தை 60 யார்டு எறிவார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை அந்த வருட டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வு) முதல் ஆளாக எடுத்தது. மூன்று சீசன்களில் 18 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), 23 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). அதோடு அவருடைய என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டம் முடிந்துபோனது. அதற்கு ஏழு வருடம் முன்னால், மிச்சிகனின் டாம் பிரேடி 40 யார்டு ஓட 5.28 வினாடி எடுத்துக்கொண்டார். 198 பேரை எடுத்து முடித்த பிறகுதான் அவர் பெயர் வந்தது. அவர் ஏழு சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) ஜெயித்தார்.

இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு “இதையெல்லாம் யாராலும் கணிக்க முடியாது” என்று முடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணிப்பது கஷ்டம்தான், ஆனால் நாம் தவறுகிற இடங்கள் வருடா வருடம் ஒன்றாகவே இருக்கின்றன. கல்லூரியில் இந்தப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினான் என்று பார்க்கிறோம். அங்கே அவனை என்ன செய்யச் சொன்னார்கள், அதில் எவ்வளவு என்எஃப்எல்லில் பயன்படும் என்று பார்ப்பதில்லை.

ப்ரோ டேயைப் பார்த்து மயங்குவது முதல் தவறு. டிராஃப்டுக்கு முன்னால் கல்லூரி மைதானத்தில் நடக்கிற அந்தக் காட்சியில் எதிரணி கிடையாது. ஹெல்மெட், தோள்கவசம் எதுவும் வேண்டாம். எந்தப் பாஸை எந்த வரிசையில் எறிவது என்பது முன்கூட்டியே ஒத்திகை பார்த்தது, பந்தைப் பிடிக்கிறவர்களும் பெரும்பாலும் பழகிய நண்பர்கள். நெட் பிராக்டிஸில் அடிக்கிற சிக்ஸரைப் பார்த்து டெஸ்ட் அணிக்கு ஆள் எடுப்போமா? 2021-ல் ஸாக் வில்சன் ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பி எறிந்த ஒரு நீளமான பந்து இணையமெங்கும் சுற்றியது. நியூயார்க் ஜெட்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. மூன்று சீசனில் கைவிட்டது. கையில் பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நுழைவுச் சீட்டு மாதிரி, ஓரளவு இருந்தால் போதும். அதற்கு மேல் கவனிக்க வேண்டியது பந்து எப்போது கையை விட்டுப் போகிறது என்பதை. பந்தைப் பிடிக்கப்போகிற ரிசீவர் திரும்புவதற்கு முன்பே அவர் வரப்போகிற இடத்துக்குப் பந்து கிளம்பிவிட்டதா, அல்லது அவர் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புகிறதா? கல்லூரியில் ரிசீவர் இரண்டு எட்டு முன்னால் இருந்தால்தான் ‘ஆள் விலகி நிற்கிறான்’ என்பார்கள். என்எஃப்எல்லில் அரை எட்டு கிடைத்தாலே அது விலகல்தான். பார்த்துவிட்டு எறிகிறவனுக்கு அங்கே நேரம் கிடையாது.

அடுத்தது எண்கள். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரிப் பானையும் வேறு அடுப்பில் வெந்தது. ஜோ பர்ரோ 2018-ல் 16 டச் டவுன் பாஸ் எறிந்த சாதாரண ஆட்டக்காரர். 2019-ல் அதே கல்லூரியில் 60. இடையில் நடந்தது என்ன? ஜோ பிரேடி என்ற புதிய பயிற்சியாளரோடு புதிய தாக்குதல் முறை வந்தது. ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் என்று பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரங்களான ரிசீவர்கள் முதிர்ந்திருந்தார்கள். அப்படியானால் பர்ரோவின் எண்கள் பொய்யா? இல்லை. நெருக்கமான காவலுக்கு நடுவே, தோள்மேல் விழுகிற மாதிரி அவர் எறிந்த பாஸ்கள் யார் வந்ததாலும் கிடைத்தவை அல்ல. 60 என்ற எண் அதைச் சொல்லாது. வீடியோ சொல்லும்.

பாஸ் வெற்றி விகிதத்திலும் இதே குழப்பம். பக்கவாட்டில் இரண்டு யார்டு தள்ளிவிடுகிற ஸ்கிரீன் பாஸும் கணக்கில் ஒன்று, 25 யார்டு தாண்டி விழுகிற பந்தும் ஒன்று. எவ்வளவு தூரப் பாஸில் அந்த விகிதம் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் 70 சதவீதம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இங்கே ஜோஷ் ஆலனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயோமிங் கல்லூரியில் அவருடைய விகிதம் 56 சதவீதம்தான். துல்லியம் பிறவியிலேயே வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்பது பழைய நம்பிக்கை. 2018-ல் பஃபலோ பில்ஸ் அவரை எடுத்தது, முதல் வருடம் 52.8 சதவீதம். 2020-ல் 69.2. கால் வைப்பு, இடுப்புத் திருப்பம் எல்லாவற்றையும் அவர் வருடக்கணக்கில் உழைத்து மாற்றிக்கொண்டார். அந்த வருடம் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற அருமையான ரிசீவரும் வந்து சேர்ந்தார். மகிழ்ச்சியான கதைதான். ஆனால் அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் தவறானது: பெரிய உடம்பும் பலமான கையும் இருந்தால் போதும், துல்லியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 2023-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் நான்காவதாக எடுத்த ஆந்தனி ரிச்சர்ட்சன் ஃப்ளோரிடாவில் 13 ஆட்டங்களில்தான் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். 2024-ல் என்எஃப்எல்லில் அவருடைய வெற்றி விகிதம் 47.7 சதவீதம். விதிவிலக்கு ஒன்றைப் பார்த்து அதையே விதியாக்கிக்கொள்வது, என் கணிப்பில், கடந்த சில வருடங்களில் அணிகளுக்கு அதிக விலை வைத்த தவறு.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒரு விஷயம்தான். சான் ஃப்ரான்சிஸ்கோ 2021-ல் மூன்றாவதாக எடுத்த ட்ரே லான்ஸ் கல்லூரியில் 17 ஆட்டங்களில் தொடங்கியவர், அதுவும் இரண்டாம் நிலைப் பிரிவில். கடைசி வருடத்தில் ஒரே ஒரு ஆட்டம். அவருக்குக் கணுக்கால் முறிந்ததையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த இடத்தைப் பிடித்தவர் 2022 டிராஃப்டின் கடைசி ஆளான, 262-வதாக எடுக்கப்பட்ட ப்ராக் பர்டி. ஐயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் அடியும் உதையும் பட்டுப் பழகியவர். இதையும் சட்டமாக்க வேண்டாம். கேம் நியூட்டன் ஆபர்னில் ஒரே வருடம் ஆடிவிட்டு வந்து 2015-ல் எம்விபி (அந்த வருடத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆனார்.

சரி, பலரும் பார்க்காமல் விடுகிற ஒன்று சாக். எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கைக் கீழே தள்ளிவிடுவது. “பாவம், லைன்மேன்கள் காப்பாற்றவில்லை” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். பாதிக்குப் பாதி அது பையனின் சொந்தப் பழக்கம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஏதாவது பெரிதாகக் கிடைக்கும் என்று காத்திருக்கிறவன், கல்லூரியில் ஓடித் தப்பித்துவிடுவான். என்எஃப்எல்லில் அவனைத் துரத்துகிற 120 கிலோ ஆளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுவான். கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்லில் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். அதனால் கல்லூரி பாஸ் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தால் இந்தக் குறை கண்ணிலேயே படாது.

வீடியோவில் நான் முதலில் தேடுவது, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கிற நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) இன்னும் எட்டு, பத்து யார்டு தேவைப்படுகிற கட்டம். எல்லோருக்கும் தெரியும் பாஸ்தான் வரப்போகிறது என்று. முதல் ரிசீவரை மறித்துவிட்டார்கள், ஒருவன் பக்கத்தில் வந்துவிட்டான். அப்போது பையனின் கண் எங்கே போகிறது? வருகிறவனைப் பார்க்கக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். கண் மைதானத்தின் நீளத்திலேயே இருக்க, கால் மட்டும் அரை அடி நகர்ந்து இடம் தேடிக்கொண்டால், அந்தப் பாஸ் தவறிப்போனாலும் பரவாயில்லை, அவனைக் குறித்துவைக்கலாம்.

ஆட்ட விதிகளே இரண்டு இடத்திலும் வேறு என்பதும் பேச்சில் வருவதில்லை. பந்தை வைக்கிற ஹேஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக இருக்கும்போது மறுபக்கம் பெரிய வெளி திறந்துகிடக்கும். தற்காப்பு அணி அதை மூடப் பரவி நின்றாக வேண்டும், அதனாலேயே தன் திட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால் ஒளித்துவைப்பது சுலபம். அப்புறம் லைன்மேன்கள்: பாஸ் ஆட்டத்தில் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரே யார்டு. ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கிற ஆர்பிஓ ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு சுலபமாகப் பலிப்பதற்கு இந்த இரண்டு யார்டு பெரிய காரணம். அந்த வகைப் பாஸ்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு: ‘அந்த முறையில் ஆடியவனா? தேறமாட்டான்’ என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது. டெக்சஸ் டெக்கில், பாஸையே பெரிதும் நம்புகிற ஏர் ரெய்ட் முறையில் இருந்து வந்தவர் என்றுதான் பாட்ரிக் மஹோம்ஸைச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் பொய்த்தது.

உடம்பை வைத்துத் தீர்ப்பு சொல்வதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ட்ரூ ப்ரீஸ் 6 அடி, ரஸ்ஸல் வில்சன் 5 அடி 11 அங்குலம், இருவரும் சூப்பர் பௌல் ஜெயித்தவர்கள். பர்ரோவின் கை 9 அங்குலம்தான், சின்னக் கை என்று கவலைப்பட்டார்கள். ஆனால் இதை ஒட்டி வருகிற ஒன்று என்னை இன்றும் வருத்துகிறது. வாரன் மூன் 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஜெயிக்க வைத்தார். அந்த வருட டிராஃப்டில் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. கறுப்பின இளைஞர்களை வேறு இடத்துக்கு மாறி ஆடச் சொல்வது அந்தக் காலத்தில் வழக்கம். அவர் கனடாவுக்குப் போய் எட்மண்டனுக்காகத் தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை ஜெயித்துவிட்டு, 1984-ல்தான் ஹூஸ்டன் ஆய்லர்ஸுக்கு வந்தார். 2006-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவரே. நாற்பது வருடம் கழித்து, கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மனை வாங்கிய லமார் ஜாக்சனைப் பார்த்தும் ‘ரிசீவராக மாறலாமே’ என்று சொன்னார்கள். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாகப் போனார். அடுத்த வருடமே ஒரு ஓட்டு கூடக் குறையாமல் எம்விபி. ஒரு பையனைப் பற்றி ‘ஓடுகிறவன்’ ‘யோசிக்கிறவன்’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்தச் சொல் வீடியோவில் இருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, எந்த அணி எடுக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பையனை மட்டும் எடைபோடுவது. 2002-ல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு டேவிட் கார் முதல் ஆளாகப் போனார். முதல் வருடத்திலேயே 76 சாக். அவருக்கு என்ன திறமை இருந்தது என்று இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. 2018-ன் ஜாஷ் ரோசனை ‘இப்போதே தயார்’ என்றார்கள். அரிசோனா ஒரே வருடத்தில் பயிற்சியாளரையும் மாற்றி அவரையும் அனுப்பிவிட்டது. அவசரப்பட்டிருந்தால் பெய்டன் மேனிங்கையும் கழித்துக்கட்டியிருக்கலாம்: 1998-ல், முதல் வருடத்தில், 28 இன்டர்செப்ஷன், 13 தோல்வி.

2005-ல் முதல் ஆளாக சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போனவர் அலெக்ஸ் ஸ்மித். முதல் வருடம் 1 டச் டவுன், 11 இன்டர்செப்ஷன். ஐந்து வருடத்தில் ஐந்து தாக்குதல் பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் புது மொழி, புது அழைப்புகள். அதே டிராஃப்டில் 24-வதாகப் போன ஆரன் ராஜர்ஸ், மூன்று வருடம் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஸ்மித்தைத் தோல்வி என்று எழுதி மூடிவிட்டார்கள். 2011-ல் ஜிம் ஹார்பா வந்ததும் அதே ஸ்மித் அணியை 13 வெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு கேன்சஸ் சிட்டி. 2017-ல் அங்கே மஹோம்ஸ் வந்து சேர்ந்தபோது, தன் இடத்துக்குத்தான் இந்தப் பையன் வந்திருக்கிறான் என்று தெரிந்தும், தற்காப்பை எப்படிப் படிப்பது, ஒரு வாரத்தை எப்படித் திட்டமிடுவது என்று ஸ்மித் அவரைத் தன்னோடு உட்காரவைத்துக் காட்டினார். மஹோம்ஸ் அந்த வருடம் தொடங்கிய ஆட்டம் ஒன்றே ஒன்று, டிசம்பர் 31-ல் டென்வரில். அடுத்த சீசனில் அவர் எறிந்த டச் டவுன் பாஸ்கள் 50.