வீட்டில் நிற்கும் பெரிய மரத்தை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது நாற்பது வருஷம் நின்ற வேம்போ, மாவோ, புளியோ வீட்டுக்கு ஆபத்தாகிவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்களா? சரி. வீட்டுப் பக்கம் நீண்ட ஒரே ஒரு கிளைதான் பிரச்சினை என்றால் அந்தக் கிளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மரம் திரும்ப வராது. முழு மரமும் போகத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: மரத்தைச் சாய்ப்பதெல்லாம் தோப்பில். வீட்டில் அதை மேலிருந்து துண்டு துண்டாக, கயிறு கட்டி இறக்க வேண்டும். நேரே அடிமரத்தில் ரம்பத்தை வைக்கலாம் என்கிற ஆளுக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிளையின் எடை விஷயத்தில் கண் நம்மை ஏமாற்றும். ஒரு அடி விட்டம், பத்தடி நீளம் உள்ள பச்சைக் கிளை சுமார் 200 கிலோ இருக்கும். அது ஓட்டு வீட்டின் மேல் விழுந்தால் ஓட்டோடு கைமரமும் சேர்ந்து போய்விடும். அதனால் மேலே உள்ள வலுவான கவையில், அதாவது கிளை பிரியும் இடத்தில், கயிற்றைப் போட்டு, கீழே அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொண்டு, மெதுவாக விட்டு விட்டு இறக்க வேண்டும். கையில் மட்டும் பிடித்தால் கயிறு ஆளையே தூக்கிவிடும். அறுக்கும்போதும் கிளையின் கீழ்ப்பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம்தான் மேல்பக்கம் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு, ஏறியிருப்பவர் மேலேயே ஊசலாடி வரும். கீழே குழந்தைகளும் வண்டிகளும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, ஏறியிருப்பவருடையது அல்ல.

ஆளை ஏற்றும் முன் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தை நாலு பக்கமும் தட்டினால், உள்ளே பொந்து விழுந்த இடத்தில் சத்தம் மாறிக் கேட்கும். அந்த மரத்தில் கயிறு போட்டு ஏறுவது உயிரோடு விளையாடுவது. உச்சியில் மலைத்தேனீ கூடு இருந்தால் தேன் எடுக்கத் தெரிந்தவரை அழைக்காமல் ரம்பத்தை ஓட்டவே கூடாது. பறவைக் கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுங்கள்.

நம் ஊரில் நடக்கும் மோசமான தவறு, மரத்தில் துளை போட்டுப் பெருங்காயத்தையோ அமிலத்தையோ வைத்து, 'பட்டுப்போகட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவது. பச்சை மரம் வளைந்து கொடுக்கும், பட்ட மரம் சொல்லாமல் முறியும். நல்ல அனுபவசாலிகள் பட்ட மரத்தில் ஏறவே யோசிப்பார்கள், கடைசியில் கிரேன் வாடகை உங்கள் தலையில் விழும். மொட்டை அடித்து விட்டுவிடுவதும் அதே கதைதான், வெட்டுவாயிலிருந்து கொத்தாகத் துளிர்த்து வரும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அடுத்த புயலில் அவைதான் முதலில் விழும்.

மின்சாரத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வீட்டு மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பி வேலையைத் தொடங்குகிறார்கள். அது மீட்டருக்கு இந்தப் பக்கம்தான், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பச்சைக் கிளை வழியாகவும் மின்சாரம் பாயும். ஈபி பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவர்களே வந்து லைனை நிறுத்தின பிறகுதான் அரிவாள் மேலே போக வேண்டும்.

அனுமதியையும் மறந்துவிடுகிறார்கள். காம்பவுண்டுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரம், நீங்களே நட்டு வளர்த்ததாக இருந்தாலும், கேட்காமல் வெட்டக் கூடாது. சந்தன மரம் உங்கள் வீட்டில் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். பனைக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் 1955-ஆம் ஆண்டிலிருந்தே மலைப்பகுதி மரங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 'கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன்' என்று வரும் வியாபாரி பெரும்பாலும் அடிமரத்தை ஏற்றிக்கொண்டு, மிலாறு என்னும் சிறு கிளைகளையும், தழையையும், மண்ணில் நிற்கும் தூரையும் உங்கள் வாசலிலேயே விட்டுப் போவார். யார் எதை அள்ளுவது என்று முன்பே பேசிவிடுங்கள். மரத்தின் மதிப்பையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி வரும். நாலடி சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி. பலா, தேக்கு, வேம்புக்கெல்லாம் இது முக்கியம். புளியின் அடிமரம் கறிக்கடைக் கட்டைக்குப் போகும், அதை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தென்னையை வெட்டினால் துண்டுகளை மூலையில் போட்டு வைக்காதீர்கள். மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பக்கத்து வீட்டுத் தென்னைகளின் குருத்தை அது துளைக்கும்.

கரிசல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்கள் மட்டும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் சுவரோரப் பெரிய மரத்தை எடுக்க வேண்டாம். அது இத்தனை வருஷம் உறிஞ்சிய தண்ணீர் இனி மண்ணிலேயே தங்கும், கரிசல் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும், சுவரில் விரிசல் விழும். இது உடனே தெரியாது, வெட்டிச் சில மழைக்காலம் கழித்துத்தான் வெளியே வரும்.

கடைசியில் தூர். ஜேசிபியை வைத்துப் பிடுங்கினால் வேரோடு சேர்ந்து தண்ணீர்க் குழாயும், செப்டிக் டேங்கின் பக்கச் சுவரும் வந்துவிடும். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, தரைமட்டத்துக்கு அரையடி கீழே அறுத்து, மண்ணைப் போட்டு மூடினால் போதும். வேம்பும் பூவரசும் விடாமல் துளிர்க்கும், துளிர் சிறிதாக இருக்கும்போதே ஒடித்துக்கொண்டே வந்தால் வேரில் சத்து தீர்ந்து அடங்கிவிடும். வேர் மக்க மக்க அந்த இடம் உள்வாங்கும், அதனால் அங்கே உடனே டைல்ஸ் போடாதீர்கள், தண்ணீர்த் தொட்டியும் வைக்காதீர்கள். புதுக் கன்றை அந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, சுவருக்கும் மின்கம்பிக்கும் அருகில் இல்லாமல் பார்த்து நடுங்கள்.