நம்பிக்கையைத் தேடி வேதத்தைத் திறப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனம் உடைந்த வேளையில் வேதாகமத்தைக் கையில் எடுக்கும் பலர், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே ஆண்டவர் அன்று தமக்குத் தந்த வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் பல நாள் அப்படிச் செய்தவன்தான். அந்தத் தாகம் உண்மையானது. ஆனால் முன்னும் பின்னும் வாசிக்காமல் ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்தால், அது தரும் ஆறுதல் அடுத்த துன்பம் வரும்வரைகூட நிற்பதில்லை.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனமோ, திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது. அதாவது, கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரை மறுபடியும் பார்க்கப்போவதில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்ன இனிய வாக்கைப் பொய்யென்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னதை 28ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் குடியிருக்கும் அந்நிய பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் கட்டளையிடுகிறது. இவ்வளவையும் சேர்த்து வாசிக்கும்போதுதான், காத்திருக்கும் வருஷங்களிலும் தேவன் தம் ஜனத்தை மறக்கவில்லை என்ற உறுதி, அந்த வசனத்தின் முழுக் கனத்தோடு நம்மை வந்து சேருகிறது.

ஜெபத்தில் நேரும் தவறு வேறு விதமானது. உள்ளே கதறல் இருக்க, வாயில் ஸ்தோத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அழகான சொற்களைத் தேடி முழங்காலில் நிற்கிறோம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று 13ஆம் சங்கீதம் வெளிப்படையாகவே கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வரிவரை ஒரு வெளிச்சமும் காணாமல் முடிகிறது. ஆயினும் அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. சொல்லே வராத நாளில் ஆவியானவர்தாமே பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று முடிவுகட்டுவதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் கொடிய தவறு. நோயாளியின் படுக்கையருகே நின்று இதைச் சொல்வது, அவருடைய நோயின்மேல் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்துவதாகும். தம் மாம்சத்திலிருந்த முள், அதாவது தம்மை வாட்டிய ஒரு துன்பம், நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது. சிலுவைக்கு முந்தைய இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டுவிட்டு, பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

வாசித்து, ஜெபித்து, அதோடு நின்றுவிடுவதும் இயேசுவைப் பின்பற்றுதல் ஆகாது. அனுதினமும் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றும்படி லூக்கா 9:23 அழைக்கிறது. பேச மறுத்திருந்த சகோதரனிடம் இன்று முதல் வார்த்தையை நாமே பேசுவதுகூட அதன் ஒரு பகுதிதான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். அதில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் வாசியுங்கள். புரியாத இடத்தைத் தாண்டிப் போகாமல் குறித்துவைத்து, விசுவாசத்தில் மூத்த ஒருவரிடம் கேளுங்கள். 9ஆம் அதிகாரத்துக்கு வரும்போது, பிள்ளைக்காகக் கண்ணீரோடு சத்தமிட்ட ஒரு தகப்பனைச் சந்திப்பீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான் அவன். அந்த அரைகுறை ஜெபத்தை இயேசு தள்ளவில்லை. அவன் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.